வியாழக்கிழமைகளில் ஹலினா வருவார்

1

ஊரில் இருப்பவர்கள் சிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். சிரிப்பீர்கள் என்று எனக்கே தெரியும். ஆகவே நிபந்தனையை இப்போதே தளர்த்திவிடுகிறேன். கொஞ்சமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பதினைந்தாவது கல்யாண நாளன்று என் கணவர் சேகர் ஓர் உறையை நீட்டினார். புடவைக் கடைக் கூப்பனாக இருக்கும் என்றது ஒரு மனம். ஊருக்குப் போக டிக்கெட்டாக இருக்கும் என்றது இன்னொரு மனம். கூப்பன்தான். ஆனால் புடவைக்கு இல்லை. நான்கு வியாழக்கிழமைகள், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, ஹலினா என்ற பெண்மணி வந்து எங்கள் வீட்டைச் சுத்தம் செய்து தருவார் என்று மஞ்சள் அட்டையில் அச்சடித்திருந்தது. மூலையில் துடைப்பம் பிடித்த பூனை ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"பொடவ வாங்கினா அது பெட்டியில தூங்கும். இது வாங்கினா நீ தூங்கலாம்" என்றார் சேகர். ஒரு வாரம் ஒத்திகை பார்த்த வசனம் என்பது முகத்திலேயே தெரிந்தது.

நியாயமாகப் பார்த்தால் நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். டொராண்டோவுக்கு அடுத்த ஊரில் இருக்கிறோம். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் ஆரம்பம். சேகர் ஆபீஸ் போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மகள் நிலாவுக்குப் பதினோரு வயது. அவளுக்கு எங்கள் இருவரையும்விட வேலை அதிகம். நீச்சல், பியானோ, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. எங்கள் வீட்டில் சோபா என்பது துவைத்த துணி மடிக்க ஆள் தேடிக் காத்திருக்கும் இடம். விருந்தாளி வந்தால் அந்தத் துணியை அள்ளிப் படுக்கையறையில் போடுவோம். அவர்கள் போனதும் அது சோபாவுக்குத் திரும்பிவிடும். வியாழன் எனக்கு வார விடுப்பு. அந்த ஒரு நாள் முழுக்க நான் அழுக்கோடு மல்லுக்கட்டுவேன்.

ஆனாலும் அந்த மஞ்சள் அட்டையை உறைக்குள்ளேயே திருப்பிப் போட்டேன். காரணம் என் அம்மா. கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில், வயல் வேலைக்குப் போகும் முன்னால் பண்ணையாரின் பெரிய வீட்டு வாசலைக் கூட்டிச் சாணி தெளித்தது என் அம்மா. இப்போது வேறொரு பெண் வந்து என் வீட்டைக் கூட்டினால் என் வீடும் பெரிய வீடு ஆகிவிடாதா? அந்த வீட்டுக்கு நான் எசமானி ஆகிவிட மாட்டேனா? சுற்றி வளைக்காமல் சொன்னால் என் பயம் இதுதான்.

2

சேகருக்கு இந்தப் பயம் விளங்காது. அவர் திருக்காட்டுப்பள்ளிக்காரர். காவிரித் தண்ணீர் முதலில் எட்டிப் பார்க்கிற வயல் அவர்களுடையது; அதன் மிச்சம் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு மனுப் போட்டிருப்பார்கள். படிக்கிற காலத்தில் பழகி, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டு, யாரும் வராத ஒரு பதிவாளர் அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டவர்கள் நாங்கள். மனுஷன் தங்கம். ஆனால் துடைப்பத்தை எந்த முனையில் பிடிப்பது என்று நாற்பது வயதில் கேட்டவர்.

"உங்க வீட்ல எத்தன ஆள் வேலைக்கு இருந்தாங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆளா? நாங்க என்ன பண்ணையா? நாங்க குத்தகைதான் செல்வி."

"மாட்டுக் கொட்டகைய யாரு கூட்டினது?"

"அது ஒருத்தங்க வருவாங்க."

"நெல்லு அவிக்கிறது?"

"அதுக்கு ரெண்டு பேரு வருவாங்க."

"உங்க சட்டைய தேய்ச்சது?"

"ஏய், அது கடையில!"

கடல் தாண்டியதும் தஞ்சாவூர் ஜில்லாவின் மிராசுதாரர் குடும்பங்கள் அத்தனையும் குத்தகைதாரர்களாகிவிடும் மர்மத்தை நான் இந்த ஊரில் பலமுறை பார்த்திருக்கிறேன். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் விசாரித்தால் அங்கே நிலம் வைத்திருந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். பின் அந்த நிலமெல்லாம் யாருடையது என்று கேட்டால், சர்க்கரைப் பொங்கல் நன்றாயிருக்கிறது என்பார்கள்.

"வேணாம்னா சொல்லு, கூப்பனைத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றார் சேகர். அப்போது சோபாவில் உட்கார இடமில்லாமல் துணிக்குவியலின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துதான் சரி, நாலு வாரம்தானே என்றேன்.

3

அம்மாவின் காலை எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு வாய்க்காலுக்கு இந்தப்புறம், பெரிய வீடு அந்தப்புறம். அம்மா விடியும்போதே வரப்பில் நடந்து, பெரிய வீட்டைச் சுற்றிக்கொண்டு, கொல்லைப்புறமாகப் போய்ச் சேர வேண்டும். வாசலைக் கூட்டப் போகிறவள்தான், ஆனாலும் கொல்லை வழியாகத்தான் போய்க் கேட்க வேண்டும். துடைப்பமும் கூடையும் அங்கே இருக்கும். மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளி, குப்பைக்குழியில் கொட்டி, மிச்சத்தைக் கரைத்து வாசலில் தெளித்துவிட்டு, பிறகு நடவோ களையோ அன்றைய வயல் வேலைக்கு ஓட வேண்டும். வயலில் இறங்கும் நேரத்திலிருந்துதான் கூலி. வாசல் வேலை கூலியில் சேராது. பண்ணையில் வேலை பார்க்கும் வீட்டுப் பெண் அதையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் வழக்கம்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு என் வயதுதான் இருக்கும். ஒருநாள் அம்மா கூட்டி முடித்த வாசலில் நின்று அவன் வாழைப்பழம் உரித்துத் தோலைப் போட்டான். உள்ளேயிருந்து அவன் அத்தை, "ஏண்டா, இப்பதானே கூட்டினா" என்றாள். "அதான் அவ இருக்கால்ல" என்றான். திமிராகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். அம்மா தோலை எடுத்து மாட்டுக்குப் போட்டாள்.

4

ஹலினா முதல் வியாழக்கிழமை ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது தன் சொந்த வேனில் வந்து இறங்கினார். போலந்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், என்னைவிட ஒரு முழம் உயரம். வந்ததும் என் கையில் இரண்டு பக்கத் தாளைக் கொடுத்து, படித்துப் பார்த்துச் சந்தேகம் இருந்தால் கேட்கச் சொன்னார். மொத்தம் பதினாறு விதிகள். பாத்திரம் கழுவ மாட்டேன். ஜன்னலுக்கு வெளிப்புறம் துடைக்க மாட்டேன். நாய் இருந்தால் கட்டிப்போட வேண்டும். ஒன்பதாவது விதி: தரையில் கிடக்கும் துணி, புத்தகம், பொம்மை எதையும் எடுக்க மாட்டேன், தரை காலியாக இருந்தால்தான் சுத்தம் செய்வேன். கடைசியில், தன்மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் கொடுத்த சான்றிதழின் நகல்.

ஊரில் ஒரு மனைப்பட்டாவுக்கு அம்மா தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையில் பாதியிலேயே சிதம்பரம் போய் வந்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் குறையும். இங்கே கூட்ட வருகிறவர் எல்லாத் தாளோடும் வந்து நிற்கிறார், எனக்குக் காட்ட ஒரு தாளும் இல்லை. என் பெயருக்கு நேரே போலீஸ் என்ன சொல்லும் என்று அவர் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

வேனை அவர் பக்கவாட்டில், கராஜ் கதவை ஒட்டி நிறுத்தியிருந்தார். அந்தக் கதவு வழியாக வந்தால் நாலு எட்டில் வீட்டுக்குள் வந்துவிடலாம். நான் விடவில்லை.

"இல்லை இல்லை, நீங்கள் முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டும்."

"சாமான் கனமாக இருக்கிறது" என்றார் ஹலினா. அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் வேறு வேறு ஊரில் வளர்ந்தவை. ஆனாலும் ஒன்றையொன்று எப்படியோ அடையாளம் கண்டுகொண்டன.

"பரவாயில்லை, நான் தூக்குகிறேன். முன்வாசல்தான்."

அது ஜனவரி. முழங்கால் அளவு பனி. இருவரும் ஆளுக்கொரு பக்கம் வாக்குவம் கிளீனரைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தோம். வாசலில் நான் கதவை அகலத் திறந்து, கல்யாண வீட்டில் சம்பந்தியை வரவேற்பதுபோல், வாங்க வாங்க என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் பூட்ஸிலிருந்து உருகிய பனி கூடம் முழுக்க ஓடியது. அதை அவர்தான் துடைக்க வேண்டியிருந்தது.

பிறகு காபி. வீட்டிலேயே நல்ல கோப்பையை எடுத்து, பக்கத்தில் முறுக்கு வைத்து, எதிரே உட்கார்ந்து அவர் ஊர், பிள்ளைகள், குளிர் எல்லாம் விசாரித்தேன். அவர் படியைத் துடைக்கும்போது நான் சும்மா உட்கார முடியாமல் கைப்பிடியைத் துடைத்தேன். அவர் அடுப்படிக்கு வந்தால் நானும் அடுப்படிக்கு. மூன்றாவது வாரம் ஹலினா துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், ஒன்று கேட்கலாமா? நீங்கள் என்னைக் கண்காணிக்கிறீர்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, இல்லை! மரியாதைக்காக..."

"மரியாதை என்றால் கராஜ் கதவைத் திறந்து வையுங்கள். எனக்கு முதுகு வலி. காபி வேண்டாம், பன்னிரண்டரைக்கு அடுத்த வீடு. நீங்கள் வெளியே போய்விட்டு வந்தால் இன்னும் சீக்கிரம் முடிப்பேன்."

அவருக்கு முதுகு வலி என்று தெரிந்தும் முன்வாசல் விஷயத்தில் மட்டும் நான் மசியவில்லை. எங்கள் வீட்டுக்கு உழைக்க வருகிறவர் கொல்லைக் கதவு வழியாக வருவது என்னால் சகிக்க முடியாத காரியம். சாமானை மட்டும் கராஜ் வழியாக எடுத்துப்போகலாம், ஆள் முன்வாசல் வழியாக வர வேண்டும் என்று சமரசம் ஆனது. எனக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று ஹலினா முடிவு கட்டிவிட்டார் என நினைக்கிறேன்.

நாலு வாரக் கூப்பன் முடிந்தது. சோபா காலியாக இருந்தது. பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக ஒரு வியாழக்கிழமை மதியம் நானும் சேகரும் சண்டை போடாமல் சாப்பிட்டோம். அதற்காகவே அவர் அரைநாள் லீவு எடுத்திருந்தார். ஹலினாவைத் தொடர்ந்து வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்குப் போன் பண்ணும்போது மட்டும் வியாழக்கிழமையைப் பற்றிப் பேச மாட்டேன். வீடெல்லாம் யாருடி பாக்குறா என்று அம்மா கேட்டால், மிஷின் இருக்கும்மா என்பேன்.

5

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் ஊரில் பெரிய கூலித் தகராறு. சென்னையில் ஆட்சி ஒரு திராவிடக் கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தது. ஊரில் சுவர் முழுக்க அழித்து எழுதிய சின்னங்கள். எங்கள் தெருவில் செங்கொடி. பண்ணையார் புதிய ஆளும் கட்சியில் ஒன்றியப் பொறுப்புக்கு வந்திருந்தார். பழைய ஆளும் கட்சியிலும் அதே பொறுப்பில்தான் இருந்தார். கரைவேட்டியை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. மேடையில் ஏறினால் அவர் ஏழை எளியவர்களுக்காக அழுவார்.

கூலியைக் கூட்டிக் கேட்டார்கள் சங்கத்து ஆட்கள். அப்போது பெண்கள் கூட்டத்தில் அம்மா எழுந்து, வாசல் வேலைக்குத் தனியாகக் கூலி வேண்டும், இல்லாவிட்டால் அவரவர் வாசலை அவரவர் கூட்டிக்கொள்ளட்டும் என்றாளாம். அம்மாவா பேசினாள் என்று அப்பாவால் பல வருஷங்களுக்கு நம்ப முடியவில்லை.

பதினோரு நாள் யாரும் போகவில்லை. அந்தப் பதினோரு நாளும் எங்களுக்குச் சர்க்கஸ். பண்ணையார் தெருப் பெண்கள் ஆள் பார்க்கும் முன்னால் எழுந்து சாணி கரைத்தார்கள். தண்ணீர் அளவு தெரியாமல் கெட்டியாகத் தெளித்ததில் வாசலில் அது வறட்டியாகக் காய்ந்து கிடந்தது. கும்பகோணத்தில் கல்லூரி படித்த பெரிய வீட்டு மூத்த பிள்ளை, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, சாணிக்கூடையை இரண்டு கையாலும் முடிந்தவரை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி குப்பைக்குழிக்குப் போவதை நாங்கள் வாய்க்காலுக்கு இந்தப்புறம் நின்று பார்த்தோம். அவர் திரும்பிப் பார்த்தால் மீன் பிடிக்கிறவர்களைப்போல் குனிந்துகொள்வோம்.

பன்னிரண்டாம் நாள் தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை முடிந்து, பண்ணையாரும் தாளில் கையெழுத்துப் போட்டார். வயல் கூலி கூடியது. வாசல் வேலைக்குத் தனியாக நெல். அம்மா மறுநாளே துடைப்பம் எடுக்கப் போனாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஜெயித்தபிறகும் ஏன் போகிறாய் என்று கேட்டேன். "இனிமே சும்மா இல்லடி, நெல்லு குடுக்குறாங்க" என்றாள். வாய் கொள்ளாத சிரிப்பு.

அந்தச் சிரிப்பு சம்பா அறுவடை வரைக்கும்தான். அறுப்புக்கு வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். அன்று வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்த அம்மாவிடம் பண்ணையார், "நாளைலேருந்து வர வேணாம்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. வயலுக்கும் சேர்த்துத்தான் என்று போகப்போகத் தெரிந்தது. குடிசையையும் பிரிக்கச் சொல்லியிருப்பார், ஆனால் அதற்குள் மனைப்பட்டா அம்மா கைக்கு வந்திருந்தது. அந்த ஒரு காரியத்துக்காக, குடியிருப்பவருக்கே மனை என்று சட்டம் போட்ட ஆட்சியை அம்மா இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அந்த வருஷத் தைப்பொங்கலுக்கு ஊரைச் சுற்றி நெல் குவிந்து கிடக்க, எங்கள் வீட்டுப் பானையில் மட்டும் ரேஷன் அரிசி பொங்கியது. அம்மா பொங்கலோ பொங்கல் சொல்லவில்லை. நாங்கள் பிள்ளைகள்தான் சொன்னோம்.

6

ஹலினா வர ஆரம்பித்து ஏழு மாதம் ஆகியிருக்கும். நிலாவின் தமிழ், வகுப்புக்குப் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது. அது ஒரு கவலை என்றால், தரையில் அவள் போட்டுவிட்டுப் போகும் சாமான்கள் கூடிக்கொண்டே போனது இன்னொரு கவலை. ஒன்பதாம் விதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். புதன்கிழமை சாயங்காலம் அவளுடைய சாக்ஸ், துண்டு, பென்சில் எல்லாவற்றையும் பொறுக்கித் தரையைக் காலி செய்தது நான்தான். ஹலினாவுக்கு என் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் பட்ட பாட்டை எந்தப் பண்ணையாரம்மாவும் பட்டிருக்க மாட்டாள்.

அப்படி ஒரு புதன்கிழமை நிலா டம்ளரைத் தட்டிவிட்டாள். பால் மேசையிலிருந்து வழிந்து தரையில் பரவியது. அவள் காலைத் தூக்கிப் பாலைத் தாண்டி, புத்தகத்தோடு சோபாவுக்குப் போனாள்.

"நிலா, பால் கொட்டிக் கெடக்கு."

"லீவ் இட் அம்மா. நாளைக்கு ஹலினா வருவால்ல."

திமிராகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. எந்த ஊர் வாசலில் எந்தப் பிள்ளை வாயில் இதைக் கேட்டேன் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து சேகர் ஓடிவந்தார். நிலா அழுதுகொண்டே பாலைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, "பட் வீ பே ஹர், ரைட்?" என்று கேட்டாள்.

இரவு முழுக்கப் புரண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். தவறு நிலாவுடையது இல்லை, என்னுடையது. வீட்டுக்கு ஆள் வைத்ததுதான் தவறு. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஹலினா வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, முகத்தைப் பார்க்காமல், இனிமேல் நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"நான் எதையாவது உடைத்தேனா?"

"இல்லை."

"எதாவது காணாமல் போனதா?"

"ஐயோ, இல்லை. நீங்கள் ரொம்ப நல்லவர். என் மகளுக்குப் பழக்கம் கெட்டுப்போகிறது. நேற்றுப் பாலைக் கொட்டிவிட்டு, ஹலினா துடைப்பார் என்கிறாள்."

ஹலினா வயரைச் சுற்றி முடித்தார். அவசரமே படவில்லை.

"உங்கள் மகள் பாலைக் கொட்டினாள். என் வியாழக்கிழமை போகிறது. இது எந்த ஊர் நியாயம்?"

எந்த ஊர் நியாயம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் தன் சாமானைத் தானே தூக்கிக்கொண்டு, நான் கராஜ் பக்கம் கையைக் காட்டியும் கேட்காமல், முன்வாசல் வழியாகவே போனார்.

7

ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நிலா முந்திக்கொண்டாள்.

"பாட்டி, அம்மா ஹலினாவ ஃபயர் பண்ணிட்டாங்க!"

"ஃபயரா? என்னாடி, தீப்புடிச்சிருச்சா? புள்ளக்கி ஒண்ணும் ஆவலையே?" அம்மா கத்தினாள். கூலி கேட்டவர்களைக் குடிசையோடு கொளுத்திய பக்கம் எங்களுடையது; தீ என்ற சொல்லுக்கு அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். அவசரமாக அதெல்லாம் இல்லை என்று சொல்லப்போக, மற்றது எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஏழு மாத வியாழக்கிழமைகளும் வெளியே வந்தன. நிலாவை அறைக்கு அனுப்பிவிட்டுத் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"அந்தப் பொம்பள எத்தன மணிக்கி வரும்?"

"ஒம்போது."

"எப்பப் போவும்?"

"பன்னெண்டு. ஒரு நிமிஷம் கூட நிக்க மாட்டாங்க."

"கூலி?"

சொன்னேன். அம்மா மனதுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்து, "அட ஆத்தே" என்றாள். பிறகு, "சரி, நல்லாத்தான குடுத்திருக்க. அப்பறம் ஏன் நிறுத்தின?"

"உன்ன நெனச்சித்தாம்மா."

"என்ன நெனச்சா?"

"நீ பெரிய வீட்ல பட்டதெல்லாம் நெனச்சி. என் வீட்லயும் ஒருத்தங்க அப்புடி..."

அம்மா என்னை முடிக்க விடவில்லை.

"ஏண்டி, சாணி அள்ளுனதுலயா எனக்குக் கேவலம்? நம்ம வீட்டு மாட்டுக்கும் நாந்தான் அள்ளுனேன். பேசி முடிச்ச கூலிய நெல்லா வாங்கி முந்தியில கட்டிக்கிட்டு வந்தேன் பாரு, அப்ப எனக்கு இருந்த கர்வம் உனக்குத் தெரியுமா? கேக்காம கொள்ளாம ஒரே வார்த்தையில வராதன்னான் பாரு, அன்னிக்கித்தான் நடக்க முடியாம வரப்புல ஒக்காந்துட்டேன். அத நீ பண்ணிப்புட்டு என் பேரச் சொல்றியா?"

"அம்மா..."

"புள்ள தப்பாப் பேசுனா புள்ளயக் கண்டி. அந்தப் பொம்பள என்னா பண்ணுச்சி? சோத்துக்கு என்னா பண்ணும் அது?"

"அவங்க சொந்த வண்டியில வர்றாங்கம்மா."

"வண்டியில வந்தா வயிறு இல்லையா?"

நான் அழுதேன். ஐம்பதை நெருங்கும் பெண் அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்தியதை நிலா கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

8

ஹலினா மூன்று நாள் போனை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். வியாழக்கிழமை ஒரு பல் டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டது. செவ்வாய் காலை ஏழிலிருந்து பத்து வரை இருக்கிறது. கூலி முன்பைவிடக் கூட. இடையில் வராமல் போன வாரத்துக்குப் பாதிக் கூலி. கராஜ் சாவி அவரிடம் ஒன்று இருக்க வேண்டும். நான் வீட்டில் இருக்கக் கூடாது. பிறகு அனுப்பிவைத்த தாளில் பதினேழாவது விதி ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது: வேலையை நிறுத்துவதானால் பதினான்கு நாள் முன்பே எழுத்தில் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும்.

தாளைப் படித்துவிட்டு சேகர், "இவங்க போலந்துன்னு நிச்சயமாத் தெரியுமா? கீழ்வேளூர்னு நெனைச்சேன்" என்றார்.

"இந்தத் தாளு உங்க அப்பா கையில கெடைச்சிருந்தா?"

"நாங்க குத்தகைதான் செல்வி" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் துணியெல்லாம் மடித்து வைத்திருந்தது. சட்டைக் கைகள் மட்டும் எசகுபிசகாகத் தொங்கின.

நிலா ஒன்றும் புண்ணியவதி ஆகிவிடவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் தன் சாமானைத் தானே பொறுக்க வேண்டும் என்றதற்கு இது அநியாயம் என்று ஒரு மணி நேரம் வாதாடினாள். ஹலினாவின் தாளைக் கொண்டுவந்து ஒன்பதாம் விதியைக் காட்டினேன். படித்தாள். ஹலினா எடுக்க மாட்டாரா, ஏன் என்று கேட்டாள். அது அவங்க வேலை இல்லை, அப்படித்தான் பேசியிருக்கிறோம் என்றேன். எட்டு வருஷம் நான் தொண்டை வற்றச் சொல்லிக் கேட்காத பிள்ளை, அச்சடித்த தாளுக்குக் கட்டுப்பட்டுச் சாக்ஸைப் பொறுக்கினாள். என்னுடைய பேச்சையும் அச்சடித்துக் கொடுத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

வேலைக்கு ஓடுகிற தாய் தகப்பன் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கலாமா என்று ஊரிலிருந்து கேட்டு எழுதும் தோழிகளுக்கு என் பதில்: வையுங்கள், கூலியைச் சரியாகக் கொடுங்கள், முறுக்கை நீங்களே தின்னுங்கள். அதற்குமேல் உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை.

திங்கட்கிழமை இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன். தாளில் இடதுபக்கம் வேலை செய்பவர், வலதுபக்கம் வேலை கொடுப்பவர். என் பேனா பழக்கதோஷத்தில் முதலில் இடதுபக்கம் போய்விட்டு, பிறகுதான் வலதுபக்கம் வந்தது. அந்த இடத்தில் என் பெயரைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு நல்ல காரியம் பண்ணிவிட்ட நினைப்போடு அம்மாவைக் கூப்பிட்டு, பதினேழு விதியையும் தமிழில் படித்துக் காட்டினேன். அம்மா சங்கக் கூட்டத்தில் கேட்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினாள். பதினேழாவதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

"எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டேம்மா" என்றேன். மெச்சுவாள் என்று காத்திருந்தேன்.

"போட்டது சரிதான்" என்றாள் அம்மா. "பெரிய வீட்லயுந்தான் போட்டாங்க."